நாற்பது குவளைப் பயறு

மார்ச்சுத் திங்கள் 4

அன்புத் தங்கையே! தையல் பொறியை நிறுத்திவிட்டு இம்மடலுக்குச் செவி கொடுத்திருக்கும் மாப்பிள்ளையே! மேசையைச் சுற்றி இன்னும் எவரேனும் அமர்ந்திருப்பின் அவர்களே! உங்கள் அனைவர்க்கும் வணக்கம். நான் நலம். மாப்பிள்ளையின் முதுகுவலி தணிந்ததா? உன் முழங்கால் படியேற ஒத்துழைக்கிறதா?

உன் மடலை மும்முறை படித்தேன். மூன்றாம் முறை எழுந்து நின்று படித்தேன். உட்கார்ந்து படிக்கக்கூடிய முறைகேடா அது? கண்ணாடிப் புட்டி ஆலையில், உலை வாயில் நாளெல்லாம் வெந்து நிற்கும் நூற்றிருபத்தைந்து தொழிலாளர்க்கு நண்பகல் உணவு ஆக்கிப் போடுகிறவள் நீ. மே இறுதிவரை உன்னைத் தகுதிகாண் அடிப்படையில் தலைமைச் சமையலராக அமர்த்தியிருக்கிறார்கள். அதற்குள் புதிய மேலாளர் ஓர் ஆணை பிறப்பிக்கிறார்: ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஆளுக்கு எண்பது கிராம் உலர்ந்த பயறு, ஆகமொத்தம் நாளொன்றுக்குப் பத்துக் கிலோ. நன்று! எதைக்கொண்டு நிறுப்பது? சமையலறைத் தராசு பழுதுபார்க்கப் போய் ஐந்து திங்கள் ஆகின்றன. உங்களிடம் இருப்பதோ கால் லிட்டர்க் குவளை ஒன்றுதான். எடையில் ஆணையிடுவார்களாம், எடைபோடும் கருவியைத் தரமாட்டார்களாம்!

"பத்துக் கிலோவுக்கு எத்தனை குவளை அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். இதோ விடை. அதே கால் லிட்டர்க் குவளை ஒன்றை வாங்கினேன். விளிம்புவரை நீர் நிரப்பினேன். எங்கள் தெரு மருந்துக்கடைத் தராசில் வைத்தேன். குவளையின் எடையைக் கழித்தால் இருநூற்றைம்பது கிராம். ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. ஆக, நாற்பது குவளை பத்துக் கிலோ!

நீருக்கு அந்த எடை, பயற்றுக்கு வேறெடை என்று யாரேனும் உன்னிடம் கூறலாம். நம்பாதே. ஒரே குவளைக்குள் ஒருவர்க்கு ஓர் அளவும் மற்றவர்க்கு வேறோர் அளவும் என்பது ஏற்றத்தாழ்வின் மொழி. குவளை ஒன்று; எடையும் ஒன்று. சரிநிகர் என்பது சமையலறையில் தொடங்கட்டும்!

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அவருடைய முதுகு பரவாயில்லை. நீங்கள் கூட்டம் கூட்டமென்று அலையாமல் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை அவர்தான் சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "மச்சான் கடுதாசியப் படிச்சா தொண்டை காயுது, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார். "அந்தத் தண்ணியும் கால் லிட்டர் கால் கிலோதான்" என்றேன். வீடே சிரித்தது.

நாற்பது குவளை என்பதைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதிவிட்டேன். காய் நறுக்கும் அக்கா, "எதுக்கும் மளிகைக் கடையில ஒரு தரம் நிறுத்துப் பாத்துடேன்டி" என்றாள். "எங்க அண்ணன் சொன்னா நிறுத்துப் பாத்த மாதிரிதான்" என்றேன். "அண்ணன் என்ன தராசா?" என்று கேட்டாள். "தராசு பழுதாகும், அண்ணன் ஆகமாட்டார்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

இந்த வேலை எனக்கு நிலைத்துவிட வேண்டும் அண்ணா. பதினாறு வருடம் மற்றவர்கள் கிளறிய பாத்திரத்தைக் கழுவியிருக்கிறேன். கரண்டி இப்போதுதான் என் கைக்கு வந்திருக்கிறது. வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
தங்கை

*

மார்ச்சுத் திங்கள் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். மேடையில் பேசிப் பேசிச் சிறிது இருமல், அவ்வளவே. நீங்கள் நலமாயிருக்கிறீர்கள் என்ற சொல் எனக்கு உணவைவிட நிறைவளித்தது.

ஒரு நற்செய்தி. நேற்றைய பொதுக்கூட்டத்தில் உன் சமையலறையை எடுத்துக்காட்டிப் பேசினேன். "தராசு தர மறுத்தீர்களா? நாங்கள் நீரையே தராசாக்கினோம்!" என்றேன். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அதோடு விடவில்லை, நம் தொழிற்சங்க மடலின் மூன்றாம் பக்கத்தில் என் பெயரோடு அட்டவணையாகவே அச்சேற்றியிருக்கிறோம். அரிசி, பருப்பு, பயறு, மாவு எதுவாயினும் ஒரு குவளை இருநூற்றைம்பது கிராம். உணவுக்கூடம் உள்ள தொழிற்சாலைகள் அனைத்திற்கும் அது போகும்.

ஒரு படி இணைத்துள்ளேன். சுவரில் கரியால் எழுதியதை அழித்துவிட்டு இதை ஒட்டு.

வாழ்த்துகளுடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். வெந்நீர் குடியுங்கள், மேடையில் குளிர்ந்த நீர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

உங்கள் அட்டவணையைத்தான் அடுப்புக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். தினமும் நாற்பது குவளை முகந்து, முதல்நாள் மாலையே ஊறப் போட்டு, மறுநாள் வேகவைக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் எனக்குப் புரியவில்லை.

ஒன்று, வரிசையின் கடைசியில் வருகிறவர்களுக்குப் பாத்திரத்தின் அடி தெரிகிறது. உலைக்கூடத்தில் நெட்டையன் என்று ஒருவர் இருக்கிறார். நின்றால் கதவு நிலையில் தலை இடிக்கும். நேற்றுத் தட்டை நீட்டினார். "என்ன அக்கா, பயறு எல்லாம் லீவுல போயிருக்கா? வந்த நாலும் குழம்புல நீச்சல் பழகுது" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்று அதே வார்த்தையைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், "அக்கா வீட்டுக்குப் போன பயறு போக மிச்சந்தான் இங்க நீச்சல் அடிக்குது" என்று முணுமுணுத்தார். கேட்காதது போல ஊற்றினேன்.

இன்னொன்று, ஐம்பது கிலோ மூட்டை ஐந்து நாளில் தீர வேண்டும். ஐந்தாம் நாள் முடிந்தும் அடியில் பத்துக் கிலோ போல நிற்கிறது. கிடங்குக்காரர் ஆறாம் நாள் புது மூட்டையை இறக்கிவிடுகிறார். மிஞ்சியதை மூடி போட்ட தகரப் பீப்பாயில் கொட்டி வைத்திருக்கிறேன். மூட்டை கட்டுகிறவர்கள் கை தாராளமோ? மிச்சம் என்று சொன்னால் அடுத்த மாதம் பயற்றைக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து கிடங்குக்காரரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

தங்கை

*

ஏப்ரல் திங்கள் 22

அன்புத் தங்கைக்கு,

இருமல் அகன்றது, குரல் முன்னிலும் திண்மையாயிருக்கிறது. நீ கலங்காமல் இரு.

பயறு குறையவில்லை, தங்கையே, பசி கூடியிருக்கிறது! உரிமையுணர்வு பெற்ற வயிறு முன்பு உண்ட அளவோடு நிறைவடையாது. இதை நான் நாற்பது ஆலைகளில் கண்டிருக்கிறேன். மூட்டை மிஞ்சுவது கட்டுவோரின் கைத்தாராளம் என்பதே என் முடிவும். கரண்டியை ஒரு முறை சரிபார். வரிசையின் தொடக்கத்தில் தாராளமும் முடிவில் சிக்கனமும் காட்டும் கரண்டிகள் உண்டு.

கூட்டத்திற்கு நேரமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அண்ணன்

*

மே 3

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அது பொய்யாகிவிடும். இது உங்கள் தங்கைக்குத் தெரியாமல் எழுதுவது. நான் தையல்காரன், சுற்றி வளைத்து எழுத வராது.

போன செவ்வாய்க்கிழமை கிடங்குக்காரர் எண்ணெய்த் தகரம் எடுக்கச் சமையலறைக்குப் போயிருக்கிறார். பீப்பாயைத் திறந்து பார்த்திருக்கிறார். அதற்குள் நாற்பது கிலோ அளவுக்குப் பயறு. எல்லோர் முன்னாலும் வைத்து, "ஏம்மா, இது எப்ப உங்க வீட்டுக்குக் குடிபோகுது?" என்று கேட்டிருக்கிறார். தொழிலாளர்கள் ஏற்கெனவே குறைவு குறைவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லாம் சேர்ந்து பொருந்திவிட்டது அவர்களுக்கு. வயிற்றில் அடித்துப் பதுக்கினாள் என்கிறார்கள்.

மேலாளர் கரண்டியைப் பிடுங்கிப் பழையபடி பாத்திரம் கழுவ நிறுத்தியிருக்கிறார். மே 30 விசாரணை. அதுவரை பீப்பாய்க்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் தரப்பும் இருக்கும். அன்றைக்கு இவள் பக்கம் பேச ஆள் இல்லாவிட்டால் வேலை போகும். திருடி என்ற பேரும் ஒட்டிக்கொள்ளும்.

"நாற்பது குவளைன்னு உங்க அண்ணன் சொன்னதச் சொல்லேன்" என்றேன். "அண்ணன் பேரை அங்க இழுக்காதீங்க" என்று ஒரே வார்த்தை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மச்சான், நான் துணி வெட்டுகிறவன். நாடா தப்பாக இருந்தால் சட்டை எப்படிச் சரியாக வரும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தக் குவளைக் கணக்கை நீங்கள் இன்னொரு தடவை பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

*

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? இங்கே நல்ல மழை பெய்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் இரண்டாம் முறை நனைந்தது. அவர் வாடிக்கையாளர் ஒருவரின் கால்சட்டையும் அதில் சேர்த்தி.

வேலை எப்போதும் போலத்தான். தண்ணீரில் நிற்கிற நேரம் கொஞ்சம் அதிகம். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய்ப் புதுசாகத் தெரிகிறது.

இத்துடன் சின்னத் துணிப் பையில் பயறு அனுப்புகிறேன். இது உணவுக்கூடத்துப் பயறு இல்லை. நம் தெருக் கடையில் நானே வாங்கியது. எங்கள் குவளையால் ஒரு குவளை, தலைதட்டி அளந்தேன். காலிப் பை பத்துக் கிராம் என்று தபால் நிலையத்திலேயே நிறுத்துச் சொன்னார்கள். ஊறப் போட்டுச் சாப்பிடுங்கள். பொதியின் மேல் எல்லாம் சரியாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை

*

மே 19

அண்ணாவுக்கு,

பொதி வந்ததா? உங்கள் பதிலைக் காணோம். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு வரி எழுதினாலும் போதும்.

தங்கை

*

மே திங்கள் 23

தங்கைக்கு,

உடலுக்கு ஒன்றுமில்லை. உன் கேள்விக்கு நேர்மையாகச் சொல்ல முடிந்த விடை அது ஒன்றுதான்.

பொதி மே பத்தாம் நாளே வந்தது. மேலே தபால் நிலையத்தார் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 210 கிராம். பைக்குப் பத்துப் போக இருநூறு. நான் உனக்குச் சொன்னது இருநூற்றைம்பது. பொதியைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தேன். அதற்கு முன்பே மாப்பிள்ளையின் மடலும் வந்திருந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு பதின்மூன்று நாள் இருந்தேன்.

முதல் நாள், தபால் நிலையத் தராசு பழுது என்று முடிவு செய்தேன். இரண்டாம் நாள், உன் கடைக்காரன் பழைய பயற்றைத் தந்திருப்பான் என்று முடிவு செய்தேன். நான்காம் நாள் பொதியையும் என் குவளையையும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

"என்ன அண்ணே, மறுபடியும் குவளையோட வந்துட்டீங்க? இன்னைக்கும் தண்ணியா?" என்றார் கடைக்காரர்.

"பயறு" என்றேன்.

நிறுத்தார். இருநூறு.

"அதெப்படி? ஒரே குவளை!" என்றேன்.

"தண்ணி சந்து பொந்தெல்லாம் ரொப்பிக்கிட்டு உக்காந்துக்கும். பயறுக்கு நடுவுல பாருங்க, எவ்வளவு இடுக்கு. அங்கெல்லாம் காத்துல்ல குந்தியிருக்கு. காத்துக்கு ஏதுண்ணே எடை? அதும் பெரிய பயறுக்கு ஒரு எடை வரும், சின்னப் பயறுக்கு ஒண்ணு வரும், மாவுக்கு வேற வரும்."

"இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

தங்கையே, முப்பது ஆண்டு மேடையில் நின்றவனை இவ்வளவு சிறிய சொல் வீழ்த்தியதில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. உன் ஏப்ரல் மடலைப் படித்தபோதே, ஐந்து நாளில் பத்துக் கிலோ மிஞ்சுகிறதென்றால் நாளுக்கு எட்டுத்தானே போகிறது என்று ஒரு கணக்கு என்னுள் எழுந்தது. எழுந்ததை நான்தான் உட்கார வைத்தேன். பசி கூடிவிட்டது என்றும், கரண்டி பழுது என்றும் எழுதினேன். அட்டவணை அச்சேறிவிட்டது, கைத்தட்டலும் வாங்கியாயிற்று. என் பெயருக்கு இழுக்கு வந்துவிடும் என்று அஞ்சினேன். உன் பெயர் அதற்குள் சேற்றில் கிடந்தது.

உன்னிடம் மட்டும் தவறு என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க எண்ணவில்லை. இத்துடன் உன் ஆலைத் தொழிலாளர்க்கு ஒரு மடல் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீ படித்துவிட்டு அவர்களிடம் கொடு. சங்க மடலின் அடுத்த இதழில் முதற்பக்கத்தில் இதுவே வரும். அச்சகத்தில் கொடுத்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். மனம் மாறிவிடக்கூடாதே என்று.

விசாரணை நாளில் நேரில் வரும் துணிவு எனக்கில்லை. இனி உன் வீட்டுப் படியேறவும் முகமில்லை. மாப்பிள்ளையிடம் சொல்: நாடாதான் தவறு.

அண்ணன்

*

(அம்மடலுடன் இணைத்தது)

உலையின் வெம்மைக்கு முகம் காட்டி உழைக்கும் தோழர்களே! குளிர்கூடத்தில் புட்டி அடுக்கும் சகோதரிகளே! தட்டேந்தி வரிசையில் நின்று, அரைவயிற்றோடு திரும்பிய நூற்றிருபத்தைந்து பேரே! உங்கள் முன் ஒரு வழக்கைக் கொண்டுவருகிறேன்.

உங்கள் பங்கு குறைந்தது உண்மை. ஆளுக்கு எண்பது கிராம் பயறு வரவேண்டிய தட்டில் அறுபத்து நான்கு கிராம்தான் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு உங்கள் வயிற்றிலிருந்து பிடுங்கப்பட்டது. நீங்கள் சினந்தது முறை. முணுமுணுத்ததும் முறை. ஆனால் எவரைச் சுட்டி முணுமுணுத்தீர்களோ, அங்கேதான் பிழை.

குற்றவாளி யார்? நாற்பது குவளை பத்துக் கிலோ என்று எழுதிக் கொடுத்தவன். பயற்றை அளக்கச் சொன்னால் நீரை அளந்தவன். ஒரு கைப்பிடிப் பயற்றைத் தராசில் போட்டுப் பார்க்கும் பொறுமையற்று, ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தவன். அவன் உங்கள் சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. அவன் நான். உங்கள் சமையல்காரி என் தங்கை. அவள் செய்த தவறு ஒன்றே: அண்ணன் சொல்லை நம்பினாள்.

ஐயப்படுகிறீர்களா? ஐயப்படுங்கள். என்னை நம்பியதால் வந்த கேடு இவ்வளவு. இம்முறை நம்பாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். ஒரு குவளைப் பயறு இருநூறு கிராம். நாற்பது குவளை எட்டுக் கிலோ. நாள்தோறும் மிஞ்சியது இரண்டு கிலோ. அவள் கையில் கரண்டி இருந்தது இருபது வேலைநாள். பீப்பாயில் இருக்கவேண்டியது நாற்பது கிலோ. அதில் ஒரு படி குறைந்திருந்தால் என் தங்கையைத் திருடி என்று அழையுங்கள். குறையாதிருந்தால்?

முப்பதாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இம்மடலைப் படித்து முடித்த அந்த நொடியே பீப்பாயைக் கிடங்குத் தராசில் ஏற்றுங்கள்! நாளை முதல் ஐம்பது குவளை முகக்கச் செய்யுங்கள்! பழுதுபார்க்கப் போன தராசு எங்கே என்று மேலாளரிடம் இன்றே கேளுங்கள்! கரண்டியை அவள் கையில் திருப்பிக் கொடுங்கள்!

தலைகுனிந்து,
அவள் அண்ணன்

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். இது வழக்கத்துக்கு எழுதுவது இல்லை, நிஜமாகவே சுகம். நேற்று ராத்திரி அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். விடிந்தது கூடத் தெரியவில்லை. அவர்தான் எழுப்பி, "தலைமைச் சமையலர் அம்மா, அடுப்பு உங்களைத் தேடுது" என்றார்.

உங்கள் கடிதம் 28ஆம் தேதி வந்தது. முதலில் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொதி அனுப்புவதற்கு முன்பே தெருக் கடையில் அரைக் கிலோ பயறு வாங்கினேன். உங்கள் கணக்குப்படி இரண்டு குவளையில் தீர வேண்டும். மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் இரண்டரை. அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் 'அண்ணா, நீங்கள் சொன்னது தப்பு' என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. எனக்கு அது பழக்கமில்லை. அதனால் தபால் நிலையத்தைச் சொல்ல விட்டேன். 25ஆம் தேதிவரை பார்ப்பது, அப்புறம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவரிடம் சத்தியம் செய்திருந்தேன். அந்தத் தேதியும் போனது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று இருந்தேன். உங்கள் உறை வந்தபோது கையெல்லாம் சோப்பு. நனைந்தபடியே பிரித்தேன்.

கடிதத்தை நெட்டையன் பெஞ்சின் மேல் ஏறி நின்று படித்தார். ஏறாமலே தெரிவார், ஆனாலும் ஏறினார். 'தராசில் போடாமல் ஒலிபெருக்கியில் போட்டவன்' என்ற இடத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. படித்து முடித்ததும் நாலு பேர் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடினார்கள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். நான் கடைசியில் போனேன். காய் நறுக்கும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாப்பது வரும்டி, வரும்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பீப்பாய் எடை போக நாற்பது கிலோ இருநூறு. கிடங்குக்காரர் முள்ளைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கூடத்தான்மா இருக்கு" என்றார். அப்புறம் மெதுவாக, "அன்னைக்கு நாலு பேர் முன்னால வாய் விட்டுட்டேன். இன்னைக்கு அதே நாலு பேர் முன்னால சொல்றேன், மன்னிச்சுக்கம்மா" என்றார். தலையை ஆட்டினேன். சமையலறைக்குத் திரும்பியபோது முணுமுணுத்தவரும் வந்தார். நான் கழுவ வைத்திருந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

தராசு விஷயம் கேளுங்கள். மேலாளர் அன்றே ஆள் அனுப்பினார். பழுதுபார்க்கும் கடையில் அது தயாராகி மூன்று மாதம் ஆகிறதாம். யாரும் போய் எடுத்து வராததால் கடைக்காரர் அதன் தட்டில் ஆணி போட்டு வைத்திருந்தாராம்! விசாரணை நடக்கவில்லை. 30ஆம் தேதி என்னை உட்கார வைத்து, வேலை நிரந்தரம் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மேலாளர், "தராசில்லாம எடையக் கேட்டது என் தப்பு" என்றார். அதை எழுதித் தரச் சொல்லியிருப்பீர்கள் நீங்கள். நான் விட்டுவிட்டேன்.

இப்போது நாளொன்றுக்குப் பத்துக் கிலோ, நிறுத்துப் போடுகிறேன். கடைசித் தட்டுக்கும் கரண்டி நிறைகிறது. நெட்டையன் இரண்டாம் தரம் வந்து, "அக்கா, பயறு லீவு முடிஞ்சு வந்துருச்சு போல" என்றார்.

பீப்பாயில் உள்ள நாற்பது கிலோவை என்ன செய்வது என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். அது அவர்கள் வயிற்றுக்கு வரவேண்டியது; ஆகவே வரும் 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டு ஆட்களோடு வந்து சாப்பிடுவது என்று முடிவு. நான்தான் சமைக்கிறேன். ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: கணக்குச் சொன்ன அண்ணன் வரவேண்டும். திட்டுவதற்கு இல்லை. "தப்புன்னு சொல்ற மேடைப் பேச்சாளர நாங்க பாத்ததே இல்ல, ஒரு தரம் பாக்கணும்" என்கிறார்கள். உங்களுக்குத் 'தண்ணி அண்ணன்' என்று பேரும் வைத்தாகிவிட்டது. அவர்கள் கூப்பிடும்போது கோபித்துக்கொள்ளக் கூடாது.

முகமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் கோபப்படுவது இதுதான் முதல் தடவை, நன்றாகவே வந்தது. என் பெயரை மீட்டுக் கொடுத்துவிட்டு, இனி படியேற மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பதின்மூன்று நாளுக்காக நான் உங்களைச் சும்மா விடப்போவதில்லை. நேரில் வைத்துத் திட்ட வேண்டும். கடிதத்தில் திட்டினால் நீங்கள் எழுந்து நின்று பதில் எழுதுவீர்கள்.

அதனால், அண்ணா, இதற்குப் பதில் எழுதாதீர்கள். தாளை எடுக்காதீர்கள். கூட்டம் இருந்தால் வேறு ஆளைப் பேசச் சொல்லுங்கள். இரண்டு சட்டையை மடித்துப் பையில் வையுங்கள். பேருந்து நிலையத்துக்கு நடந்தால் கால் மணி நேரம்தான்.

கிளம்புங்கள். இப்போதே.

உங்கள் தங்கை